இணைப்பு நான்கு

மருதனார்மடச் சந்தைக்குப் பின்பக்கம்
வாழைக்குலை ஏற்றும் லொறிக்கும்
பூட்டிக்கிடந்த சலூனுக்கும் இடையில்
அவருடைய அறை.
பலகையில் எழுத்து:
மூட்டுவாதம், முதுகுநோ, முட்டு, சகலதும்.
சகலதுக்கும் ஒரே தூள்.

நான் இறங்கியபோது
அமலதாஸ் ஜீப்பை நூர்க்கவில்லை.
கெதியா முடியும் என்று நினைத்திருப்பான்.

பெயர்? குகதாசன்.
கல்வித் தகைமை? பத்தாம் வகுப்பு, மிச்சம் கைராசி.
பதிவிலக்கம்?
அவர் என்னைப் பார்த்தார்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.
ஆறு கட்டம் அச்சடித்திருந்தார்கள்.
இல்லை என்பது மூன்றைத்தான் நிரப்பியது.

முறைப்பாடு ஏழாலையில் இருந்து.
தச்சுவேலைக்காரர், முப்பத்தொன்பது வயது,
எட்டு மாதம் தூள் குடித்தவர்,
கொழும்புக்குப் போன இடத்தில் தூள் முடிந்து
நாலாம் நாள் விழுந்தார்.
மனைவி செபமலர்
கோபமில்லாமல் எழுதியிருந்தா:
"அவர் எழும்பி நடந்தது அந்தத் தூளாலைதான்.
விழுந்தது எதாலை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

ஆய்வுகூட அறிக்கை
சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.
இரண்டும் சொன்னது
ஸ்டீரோயிட்.
மூலிகைக்குள் அரைத்துக் கலந்த குளிசை.

"எனக்குத் தெரியாது மிஸ்.
மூட்டையாய் வாறது, நான் மடிச்சுக் குடுக்கிறன்."
பொய்யோ மெய்யோ,
அவருடைய கை நடுங்கவில்லை.

என் முழங்கால்
போன மார்கழியில் இருந்து நோகவில்லை.
ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் தள்ளித் திகதி தந்தார்கள்,
இவர் அன்றைக்கே பொட்டலம் தந்தார்.
கந்தோர்ப் படி இருபத்திரண்டையும்
கைபிடி தொடாமல் ஏறினேன்.
முகம் பூரித்திருக்கு, என்ன விசேஷம் என்றார்கள்.
சிரித்தேன்.
கழுத்துச் சங்கிலி இறுகியதைக்கூடச்
சந்தோஷக் கணக்கில்தான் எழுதினேன்.

மேசையில் சிவப்பு மட்டைக் கொப்பி.
பெயர், ஊர், போன் இலக்கம், எத்தனை பொட்டலம்.
ஆவணங்களைக் கைப்பற்றுக என்கிறது ஒன்பதாம் பந்தி.
நூற்று நாற்பத்தேழாவது வரி:
கோப்பாய் மிஸ். இரண்டு மாதத்துக்கு. காசு தந்தது.

மெதுவாய்த்தான் கேட்டார்:
"அந்தத் தாளைக் கிழிக்கட்டோ?"

வெளியே குலையொன்று தொப்பென்று விழ
யாரோ யாரையோ ஏசினார்கள்.

தாளைப் பிரட்டினேன்.
மறுபக்கத்தில் புன்னாலைக்கட்டுவன்,
ஒரு பிள்ளை, ஆறு வயது, முட்டு.
அதற்குக் கீழே இன்னும் பதினொரு பேர்.
இன்றோடு தூளை நிறுத்தப்போகிறவர்கள்,
நாங்கள் சீல் வைப்பதால்.
சடுதியாய் நிறுத்தக்கூடாதென்று
அவர்களுக்கு ஆர் சொல்லுவது?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"வேண்டாம்" என்றேன்.

கதவில் அரக்கு உருகி
கொஞ்சம் என் செருப்பிலும் விழுந்தது.
"கந்தோருக்கோ மிஸ்?"
"பெரியாஸ்பத்திரிக்கு. மெதுவா ஓடும்."
மடியில் கொப்பியை விரித்து
புன்னாலைக்கட்டுவனுக்கு முதலில் அடித்தேன்.
மணி போனது, எடுக்கவில்லை.
திரும்ப அடித்தேன்.
கோண்டாவில் தாண்டும்போது ஒரு பெண்குரல்,
பின்னால் பிள்ளை எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம்.
"ஆர் கதைக்கிறது?"

என்ன பதவியைச் சொல்லுவது?
"நானும் அந்தத் தூள் குடிக்கிறனான் தங்கச்சி,
போனை வைக்காதேங்கோ."

அறிக்கையில் இரவு எழுதினேன்:
இணைப்பு நான்கு, நோயாளர் கொப்பி,
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
தாள் ஒன்றும் குறைவில்லை.