சிறகருக்கு இரண்டு குறை

வெள்ளி இரவு, பீல் நகரம்.
சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே ஓர் அறை.
கீழிருந்து டயர் வாசம் ஏறி வரும்.
மேசையில் பத்துமுகப் பகடைகள், ஒரு கோப்பை மிக்சர்,
அழித்தழித்து மெலிந்துபோன என் கொப்பி.

ரெட்டோவின் சிறகன் மறுபடியும் பறந்துவிட்டான்.
மூன்று கிழமை யோசித்து நான் கட்டிய மதில்,
மதிலைச் சுற்றி அகழி, அகழிக்குள் முதலை.
முதலைக்குப் பெயர்கூட வைத்திருந்தேன்.
"மேலால் போகிறேன்" என்றான்.
போய்விட்டான்.
பாறையர் இன்னமும் மதிலடியில் நின்று
உளியால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவே எழுதினேன்:
சிறகருக்குப் பலத்தில் இரண்டு குறை.
மூடுபனியில் பறக்க முடியாது.
இந்த ஊரில் ஐப்பசி தொட்டு மாசிவரை மூடுபனிதான்;
ரெட்டோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.
பாறையருக்கு நஞ்சு ஏறாது, ஆனால் தண்ணீரில் தாழ்வார்கள்.
நெடுவாழ்வருக்கு எண்ணூறு வயது,
அதனால் அவசரம் வராது,
எந்தச் சண்டையிலும் கடைசி முறை அவர்களுக்கு.
"மாந்தருக்கு என்ன இருக்கிறது?" என்றாள் செலின்.
நெடுநேரம் யோசித்து எழுதினேன்:
கடன் வாங்கத் தெரியும்.

உண்மையில் தலைப்பிலேயே தடக்கியிருந்தது.
இனம் என்று எழுதினேன்.
இந்த இனத்துக்கு இத்தனை புள்ளி கூட,
அந்த இனத்துக்கு இத்தனை குறை.
என் கையெழுத்தை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்பாவின் கோப்புக்குள் ஒரு மங்கல் தாள் உண்டு:
பல்கலைக்கழகம், தரப்படுத்தல், மூன்று புள்ளி போதாது.
பிறகு அவர் தபாற்கந்தோரில் முத்திரை குத்தினார்.
அங்கேயும் யாரோ ஒருவர்
பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டு
நியாயம் என்று சொல்லித்தான் கூட்டிக் கழித்திருப்பார்.
இனத்தை அழித்துக் குலம் என்றேன். அது இன்னும் மோசம்.
வகை என்றேன். கத்தரிக்காய் மாதிரி இருந்தது.
கடைசியில் "ஆக்கள்" என்று விட்டுவிட்டேன்.

பகலில் எனக்குக் கடிகாரத் தொழிற்சாலை.
கண்ணில் வில்லை, கையில் சாமணம்.
மயிரிலும் மெல்லிய சுருளோடு ஒரு சின்னச் சக்கரம்,
சமநிலைச் சக்கரம் என்று பெயர்.
இந்தப் பக்கம் ஓடும், திரும்பி அந்தப் பக்கம் ஓடும்.
நடுவில் நின்றால்
கடிகாரம் செத்தது என்று பெட்டியில் போடுவோம்.
கிடத்திப் பார்ப்போம், நிமிர்த்திப் பார்ப்போம்,
தலைகீழாகவும் பார்ப்போம்;
ஒவ்வொரு கிடையிலும் ஒவ்வொரு பிழை.
எல்லாக் கிடையிலும் சரியாக ஓடியதை
பதினொரு வருடத்தில் நான் கண்டதில்லை.

பிலிமோன் மட்டும் எதுவும் கேட்டதில்லை.
அவன் சேற்றாள்.
மிஞ்சிய புள்ளிகளில் நான் செய்த ஆள்:
கட்டை, மெதுநடை, வாள் வழுக்கும் கை.
நூறு எண்ணும்வரை மூச்சடக்குவான், அவ்வளவுதான்.
பரிதாபப்பட்டுப் பலத்தில் மூன்று கூட்டிக் கொடுத்தேன்.
தாளை என் பக்கமே தள்ளிவிட்டான்.
"புள்ளி வேண்டாம்.
உன் கதையில் எங்கேயாவது கொஞ்சம் சேறு வை."

அன்றைக்குத்தான் கவனித்தேன்.
ஐந்து மாதமாக நான் கட்டியதெல்லாம் கல்.
கல் மதில், கல் கோபுரம், கல் படிக்கட்டு.
அவன் கால் வைக்க ஒரு முழச் சேறு இல்லை.

அடுத்த வெள்ளி மதிலை உயர்த்தவில்லை.
கோட்டைக்கு அடியில் ஒரு வடிகால் மட்டும் வெட்டினேன்,
கழுத்தளவு கறுத்த சேறு,
அந்த முனையில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள்.
பிலிமோன் பகடையை உருட்டிவிட்டு
உண்மையாகவே மூக்கைப் பொத்திக்கொண்டான்.
ரெட்டோ ஜெர்மனில் எண்ணினான், செலின் பிரெஞ்சில்,
நான் தமிழில்.
மூன்று எண்ணிக்கையும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.
நான் எழுபதில் நிற்க ரெட்டோ எண்பத்துநாலில்.
எந்த எண்ணுக்கு என்று தெரியாது,
தாழ்ப்பாள் திறந்தது.

கூரைக்குக் கீழே சிறகை மடித்துக்கொண்டு
"இது நியாயமில்லை" என்றான் ரெட்டோ.
நான் அழிறப்பரைத் தேடினேன்.
மிக்சர் கோப்பைக்குள் கிடந்தது.