யாருக்கு மாத்திரை

வள்ளியூர் மருந்துக் கடையில் கேட்டார்கள்:
யாருக்கு, வயசு என்ன?
நாற்பத்திரண்டு நாள் என்றேன்.
அந்த வயசுக்கு மாத்திரை கிடையாது,
சொட்டு மருந்துதான் என்றார்.
பிள்ளைக்கு ஓடு இருக்கிறது என்று சொல்ல
வாய் வரவில்லை.
எனக்குத்தான் என்று வாங்கிவந்தேன்.

ஐஸில் கிடக்கும் சாளை
தனக்குள்ளே ஒரு சத்தைத் தின்றுவிடுமாம்.
அதை மட்டும் தின்று வளர்ந்த குஞ்சு
கழுத்து சாய்ந்து
ஒரே இடத்தில் வட்டமடிக்கும்.
டாக்டர் ஜெசிந்தா பலகையில் எழுதிவைத்திருக்கிறார்.
ஆகவே மாத்திரையைப் பொடித்து,
மீனை முள்ளோடு அரைத்து,
கணவாய் ஓட்டைச் சுரண்டிப் போட்டு,
கடல்பாசி காய்ச்சி ஊற்றி
தட்டில் ஆறவிடுகிறேன்.
நோன்புக்குப் பாத்துமுத்து வீட்டிலிருந்து வருவதும்
இப்படித்தான் நடுங்கும்.
இது நாறும், அவ்வளவுதான்.

மிளகளவு, பிறகு அரைச் சுண்டலளவு.
உடம்பு எடையில் நூற்றுக்கு மூன்று.
கூடப் போட்டால் ஓடு கூனிப்போகும்,
ஈரல் கொழுக்கும்.
எனக்கும் ஐகிரவுண்டில்
இப்படி ஒரு சீட்டு எழுதித் தந்தார்கள்.
சட்டைப் பையில் இருக்கிறது,
முதலூர் மஸ்கோத் பொட்டலத்து எண்ணெய் ஊறி.

கூத்தன்குழிக் கொட்டகையில் இருபத்தாறு தொட்டி,
தொட்டிக்கு ஒன்று.
சேர்த்துவிட்டால் ஒன்றின் துடுப்பை ஒன்று கடிக்கும்,
பசி கூடப்பிறந்ததைப் பார்க்காது.
காலை ஆறரைக்கு வாளிச் சத்தம் கேட்டதும்
எல்லாத் தலையும் என் பக்கம்.
எட்டாம் நம்பர் தண்ணீரை அறைந்து கூப்பிடும்.
பதினேழு மட்டும் மூலையில்,
மிதப்பதைப் பார்த்தும் பார்க்காமல்.
இருபத்தொரு கிராம்.
நேற்றும் இருபத்தொன்று.
முந்தாநாளும்.

சாளைக் கூடையை இறக்கிய கித்தேரி
குனிந்து பார்த்தாள்.
"பிள்ள திங்கலன்னு எங்கிட்ட சொல்லப்பிடாதா வே?"
மறுநாள் தூக்குவாளிக் கடல்தண்ணியில்
உயிரோடு கூனி கொண்டுவந்து
உள்ளே கவிழ்த்தாள்.
கூனி துள்ளியது.
பதினேழு கழுத்தை நீட்டியது,
தவறியது,
மறுபடி தவறியது.
ஏலத்துக்கு நேரமாகியும் அவள் போகவில்லை.
நாலாவது முறை
கூனியின் மீசை மட்டும் வாய்க்கு வெளியே.
சாயங்காலம் தராசு ஒரு கிராம் நகர்ந்தது.
அன்றைக்கு நான் இனிப்பு தின்றேன்,
எழுதிவைக்கவில்லை.

இனி உங்கள் கை அதுகளுக்குத் தெரியக் கூடாது
என்றார் டாக்டர்.
கடலில் ஒரு நிழல் வந்து குனிந்தால்
சோறு போட வந்த நிழல் இல்லை அது.
பலகைக்குப் பின்னால் நின்று
பிவிசி குழாய் வழியாக விடுகிறேன்.
எட்டாம் நம்பர் இப்போது பலகையைப் பார்த்து அறைகிறது.
இருபது நாளாயிற்று, நிறுத்தவில்லை.
ஆசையில் நான் கூடப் போட்ட ஒவ்வொரு பிடியும்
அதன் முதுகில் மேடாக இருக்கிறது.
தடவினால் தெரியும்.
தடவக் கூடாது.

பதினேழைக் கடலில் விட்ட அன்று
கித்தேரி நோட்டை நீட்டினாள்:
கூனி, முப்பத்தொரு நாள்.
ஆபீஸில் சாளைக்குத்தான் பில்,
கூனிக்குத் தலைப்பு இல்லை என்றேன்.
"சரி, அவகிட்டயே வாங்கிக்கிடுதேன்.
முட்டையிட இந்தக் கரைக்குத்தான வருவா."
ஆணாக இருந்தால்?
ஆண் கரையேறாது.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்போ கடன் போச்சு" என்று
தூக்குவாளியை அலையில் கழுவினாள்.