முப்பத்தேழாம் புள்ளி

ஐம்பது மீற்றருக்கு ஒரு குழி.
முழங்கை ஆழம், ஒரு கிலோ மண்,
துணிப்பையில் இலக்கம்,
பைக்கு நாற்பது ரூபா எனக்கு.

வீரைமுறிப்புக் குளத்தின் அலைகரைக்கு மேலே
அருமைலிங்கத்தாரின் கச்சான் காணி.
கிணறு வெட்டியபோது பூதம் வரவில்லை,
பச்சைக் கல் வந்தது.
பாசியென்று தேய்த்துக் கழுவினார்கள். போகவில்லை.

அதற்காகத்தான் குருநாகலில் இருந்து செவ்வந்தி வந்தாள்.
அவளுடைய மொழியிலும் அது பூவின் பெயர்தானாம்,
எந்தப் பூ என்பதில் மட்டும்
எங்களுக்குள் ஒத்துவரவில்லை.
கல்லை உடைத்தாள், நக்கிப் பார்த்தாள்,
"செம்பு" என்றாள்.

எனக்கு விளங்கிய அளவில் அவள் சொன்னது:
கணக்கில் வராத வருசங்களுக்கு முன்
இந்தப் பாறை வெந்தது, மடிந்தது, மறுபடியும் வெந்தது.
ஆறும்போது ஒரு வெடிப்பு.
வெடிப்பு வழியே கொதிநீர்.
அதில் கரைந்து வந்தவை
சூடு குறைந்த இடத்தில் நின்றுவிட்டன:
செம்பு, ஈயம், நாகம், சொற்ப வெள்ளி,
கண்ணுக்கு எட்டாத பொன்.

"நாகமோ?" என்று கால்தூக்கிப் பின்வாங்கினார் அருமைலிங்கத்தார்.
விஞ்ஞானப் புத்தகத்து நாகம் ஐயா,
வாளிக்குப் பூசுவது, என்றேன்.
ஆனாலும் பின்னேரம் புற்றடியில்
சிரட்டையில் பால் இருந்தது.

சூட்டுக்குத் தப்பி ஓடி
ஆறிய இடத்தில் இருந்துகொள்வது.
அதை எனக்கு இரண்டாந்தரம் சொல்லத் தேவைப்படவில்லை.

முதல் முடிவுகள் வந்தன.
பன்னிரண்டிலிருந்து இருபது வரை
ஈயம் எகிறி நின்றது, நூல் பிடித்தாற்போல.
அடிமட்டம் வைத்துக் கோடு கீறினாள்.
"நாளம்! பாருங்கள், நேராய்ப் போகிறது!"

நான் ஆறு வருசம் கண்ணிவெடி எடுத்தவள்.
முழந்தாளில் நின்று
நாளுக்கு ஒரு பாய் அகலம் நகர்ந்தவள்.
சொன்னேன்: அது நாளமில்லை, மண் அரண் இருந்த இடம்.
ஈயம் சன்னத்தினுடையது.
செம்பு அதன் தோல்.
நாகமும் செம்பும் கலந்தது வெறும் கோது.
"எவ்வளவு பழையது?" என்றாள், பழக்கதோசத்தில்.
அந்த வருசத்துப் பொங்கலுக்குப் பிறகு, என்றேன்.
றப்பரால் அழித்தாள்.
பென்சில் அழுத்திய பள்ளம் அழியவில்லை.

உண்மையான நாளமும் இருக்கத்தான் செய்தது.
கிணற்றுக்குள் ஒரு சாண் அகலம்,
இருபது பாகம் ஓடி
பாறைக்குள் மெலிந்து, நூலாகி, காணாமல் போனது.
வெட்டி எடுக்கக் கட்டாது என்று அறிக்கை.
அருமைலிங்கத்தார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
கச்சானுக்குத் தண்ணீர் கட்டப் போனார்.

முப்பத்தேழாம் புள்ளியை
நாங்கள் அறிக்கையில் எழுதவில்லை.

முதிரை வேரடி. அலவாங்கு தகரத்தில் தட்டியது.
அந்தச் சத்தத்துக்கு என் உடம்பு தானாய் உறைந்தது.
அவளைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு
குத்தூசியைச் சாய்வாய்ப் பிடித்து, விரலால் மண் நீக்கி...
பால்மா டின்.
உள்ளே சொப்பிங் பையில் ஒரு கொடி,
சின்னக் காதுக்கு ஒரு சோடித் தோடு,
கறையான் தின்று மீந்த அடகுச் சிட்டை.
பெயரில் மிஞ்சியது
"...நாயகி" மட்டும்.

செவ்வந்தி கையில் ஏந்திப் பார்த்தாள்.
தொன்னுக்கு இத்தனை கிராம் என்று
கணக்குச் சொல்லவில்லை.

அவள் போய் எட்டு மாதம்.
நெடுங்கேணிச் சந்தையில், கிளினிக் வரிசையில்,
பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறேன்,
டின் என்ன நிறம், எந்த மரத்தடி,
உள்ளே என்னென்ன என்று.
நான் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இதுவரை மூன்று நாயகிகள் வந்தார்கள்.
ஒருத்தி சொன்னது ஹோர்லிக்ஸ் போத்தல், பாலையடி.
ஒருத்தி சொன்னது சோற்றுப் பாத்திரம், கிணற்றுக்கட்டின் தெற்கே.
மற்றவளுக்கு மரம் ஞாபகமில்லை,
அன்றைக்கு மழை பெய்தது மட்டும் ஞாபகம்.

செவ்வந்தி விட்டுப்போன வரைபடத்தில்
பென்சிலால் இன்னும் இரண்டு புள்ளி வைத்தேன்.
மூன்றாவதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கூர் தாளில் தொட்டபடி நிற்கிறது.