அறுத்தவன்

இரணியல் கோர்ட்டுக்கு எதிரே
நோட்டரியின் தகரக் கொட்டகையில்
கிளீட்டஸ் என் பெயரைச் சொன்னதும்
தட்டச்சு செய்த பெண் நிமிர்ந்தாள்.
“உறவுமுறை?”

பதினோரு வருசம் என்னோடு பேசாதவன்.
போன வாரம்தான்
ஆசாரிப்பள்ளத்து ஸ்கேன் உறையோடு
என் வாசலில் வந்து நின்றான்.

அன்று முட்டத்துக்கு மேற்கே
பாரில் கொளுவியது வலை.
இழு இழு என்று அவன் கத்த
வள்ளத்தின் அணியம் தண்ணீர் மோந்தது.
கத்தி எடுத்தவன் நான்.
நாலு லட்சம், வட்டிக்கு வாங்கிய வலை.
ஐந்து பேரும் கரை சேர்ந்தோம்.
குளச்சல் முழுக்கக் கேட்கத் திட்டினான்
என்னையும் என் அப்பனையும்.

“கூட்டாளின்னு போடுங்கம்மா” என்றான்.

மூச்சுக்கு மெஷின் வேண்டாம் என்பது நாலாம் பத்தி.
வலிக்கு மருந்து வேண்டும் என்பதை
அவனே சொல்லி மேலே ஏற்றினான்.
எனக்கு நினைவு தப்பினால்
இவன் சொல்வதே என் சொல்.
அந்த வரியில் மட்டும்
அவள் விரல் கொஞ்சம் நின்றது.

திங்கள்சந்தை வரை பஸ்ஸில் பேச்சில்லை.
பிறகு ஜன்னலைப் பார்த்தபடி:
“ராபின் நல்ல பிள்ளதான்.
ஆனா இழுத்துட்டே இருப்பான் மக்கா,
என்னைப் போல.”

கத்தி அன்று மழுங்கியிருந்தது.
மூன்று தடவை அறுத்தேன்.
இதை அவனிடம் சொன்னதில்லை.

“அறுக்கும்போ கை நடுங்கிச்சா?”
என்று அவனே கேட்டான்.

நகலை விரித்துப் பார்த்தேன்.
என் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
“நாளைக்கு திரும்பப் போணும்” என்றேன்,
“இதைச் சரியாக்கணும்.”