பலகைச் சுவர்

இரவு இரண்டேகாலுக்குத் தொடங்கும்.
முதலில் மெதுவாக,
நமத்துப்போன தீக்குச்சியை யாரோ
பெட்டியில் உரசிப் பார்ப்பதுபோல.
பிறகு வேகம்.
பிறகு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான்
அக்கா அழுகிறாள்.
எங்களுக்கிடையே ஒற்றைப் பலகைச் சுவர்.

ஸ்டெய்ன்வோருக்குப் பதினைந்து.
கறுப்பு அவளுக்கு எடுக்கும்; உடுத்துவதில்லை,
தோளில் உதிர்வது தெரிந்துவிடும்.
வெள்ளை விரிப்பும் ஆகாது,
விடியும்போது சிவந்திருக்கும்.
மிச்சம் சாம்பல் நிறம்.
அகுரேரியின் ஜனவரி மாதிரி,
பதினோரு மணிக்கு வந்து
மூன்றரைக்குள் போய்விடுகிற பகலின் நிறம்.

செவ்வாய்தோறும் நீச்சல் வகுப்பு.
இந்த நாட்டில் குளத்தில் இறங்குமுன்
எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குளிக்க வேண்டும்,
எல்லோர் முன்னாலும்.
ஒரு செவ்வாய் காதுவலி என்றாள்.
அடுத்த வாரம் மாதவிலக்கு. அதற்கடுத்த வாரமும் அதுவே.
நாலாவது செவ்வாய் போனாள்.
முழங்கை மடிப்பைப் பார்த்து ஒருத்தி கேட்டாளாம்:
"தண்ணி வழியா ஒட்டிக்குமா?"
கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள்.
கேலியென்றால் திருப்பித் திட்டியிருப்பாள்.

அந்த வாரமே சதுரங்க மன்றத்தையும் விட்டாள்.
காய் நகர்த்தும்போது
எல்லோரும் பார்ப்பது கையைத்தானே.

அம்மா: சொறியாதே.
அப்பா, தட்டிலிருந்து நிமிராமல்: சொறியாதே.
நானும் சொல்லியிருக்கிறேன்,
இருமாதே என்பதுபோல அவ்வளவு சுலபமாக.

மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
கடந்த ஏழு நாட்களில் உன் தோலால்
எவ்வளவு கூச்சப்பட்டாய்?
நண்பர்களை எவ்வளவு தவிர்த்தாய்?
தூக்கம்?
எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' கட்டத்தில் குறி,
ஒரே நேர்கோட்டில்.
செவிலி வாங்கிக் கோப்பில் வைத்தார்.
ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ரத்தக்கறை.
அதையும் சேர்த்துத்தான் வைத்தார்.

திரும்பும் வழியில் சிக்னல்.
எங்கள் ஊரில் சிவப்பு விளக்கு இதய வடிவில் எரியும்.
சுற்றுலா வந்த ஒருவர்
படம் எடுத்துத் தரச்சொல்லி அக்காவிடம் போனை நீட்டினார்.
கோட்டுப் பைக்குள்ளிருந்து அவள் கை வரவில்லை.
நான் வாங்கி எடுத்தேன்.
"அந்தத் தாள்ல பொய் எழுதிட்டேன்" என்றாள்,
இதயத்தைப் பார்த்துக்கொண்டே.
பச்சை விழுந்தது.
நாங்கள் கடக்கவில்லை.

நேற்றும் இரண்டேகால்.
'சொறியாதே' தொண்டை வரை வந்தது.
விழுங்கிவிட்டு, பலகையில் தட்டினேன்:
ஐந்து. இடைவெளி. நான்கு.
ராஜாவின் சிப்பாய், இரண்டு கட்டம் முன்னே.
அந்தப்பக்கம் உரசல் நின்றது.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
கணக்குத் தப்பிவிட்டதோ என்று நினைக்கையில்
ஐந்து. இடைவெளி. ஐந்து.

பதினேழாவது நகர்வில் என் ராணியை வெட்டினாள்.
சிரித்தாளா, தெரியாது.
அப்புறம் மறுபடி தீக்குச்சி.
முன்னைவிட மெதுவாக என்று சொல்ல ஆசைதான்.
இல்லை, அதே வேகம்.

நான் இருட்டில்
காய்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினேன்.