சுழியம் அல்ல, வெற்றிடம்

கொருக்குப்பேட்டை கேட்டு போட்டால் இருபது நிமிடம்.
நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று
சரக்குப் பெட்டிகளை எண்ணியபடி நிற்போம்.
பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடிப்பார்கள்,
ரயிலுக்கு உறைக்கும் என்று.

ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே போனைத் திறந்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்.
ஒன்று மட்டும் சிவப்பு.

லைப்ரரி வைத்திருக்கிறேன் என்றால்
கீழ்வீட்டு ஷகீரா அக்கா கேட்பாள்,
"எங்க, மின்ட்டாண்டையா?"
இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று
திறந்து போட்ட நிரல்.
லாரி எடைச்சீட்டைப் படிக்கும், எழுதும்.
வேறு வேலை தெரியாது அதற்கு.

விதி நான் எழுதியதில்லை.
யார் யாரோ கூடி இரண்டு வருஷம் வாதாடி
தொண்ணூறு பக்கத்தில் முடித்தார்கள்.
அதில் "நலம்" என்றால் உன் இஷ்டம்.
"வேண்டும்" என்றால் வேண்டும்.
"கூடாது" என்றால்
நீ மட்டும் விழித்திருக்கும் ராத்திரியிலும் கூடாது.

பிரிவு ஏழு, மூன்றாம் பத்தி:
எடை போடாத வண்டிக்கு
எடைக்கட்டம் வெற்றாக இருக்க வேண்டும்.
சுழியம் எழுதக் கூடாது.

மூன்று வருஷமாகச் சுழியம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திருத்த ஒரு வரி போதும்,
பால் பொங்குவதற்குள் முடியும்.
1.8.3 என்று போட்டு நழுவிவிடலாம்.
கடைசி எண் கிழிசலுக்குத் தையல்,
நடு எண் சட்டைக்குப் புதுப் பை.
முதல் எண்தான் கஷ்டம்.
பழைய சாவி இனிமேல் இந்தப் பூட்டுக்குச் சேராது என்று
நடுத்தெருவில் நின்று சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது?
திருவொற்றியூர் எடைமேடை எபிநேசர் அண்ணனிடம்.
கன்டெய்னர்கள் மைல் கணக்கில் நிற்கையில்
டீயை ஆறவிட்டுச் சீட்டுக் கிழிக்கிறவர்.
"ஸீரோ இருந்தா வண்டி இன்னும் மேடை ஏறல.
ஒண்ணுமே இல்லன்னா மிஷின் புட்டுக்கிச்சு.
இதுல இன்னாமா தப்பு?"

தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் எங்கள் தெருமுனையில்
காற்றை அளக்க ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்.
அளவி பழுதான நாட்களில் அது
சுழியம் காட்டும், பச்சை விளக்கில்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும்.
கண் எரியும், குழந்தைகள் இருமும்,
பலகை சுழியம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.
தெரியாததைத் தெரியாது என்று விட
ஒரு வெற்றுக் கட்டம் வேண்டியிருக்கிறது.

சோதனையைத் தவிர் என்று குறித்தாலும் பச்சைதான்.
விரல் அதுவரை போய்வந்தது.
சோதனைத் தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தாவை
நான் பார்த்ததில்லை. அவள் குறிப்பில் இருந்தது:
"இது யாரையும் ஃபெயிலாக்க இல்லை.
ஆறு பேர் ஆறு மொழியில் எழுதினாலும்
ஒரே சீட்டு வரணும்."

கரண்ட் போய் வந்த ராத்திரி, ஒன்றே முக்காலுக்கு,
2.0.0.
மாற்றக் குறிப்பில் முதல் வரி:
எடைக்கட்டம் இனி வெற்றாக வரும், பழையது உடையும்.
இரண்டாம் வரி:
1.8 வரிசையை அடுத்த மார்ச் வரை பார்த்துக்கொள்வேன்.
அது ஒரே ஒருவருக்காக எழுதியது,
பெயர் போடவில்லை.

அவர்கள் மார்ச் வரை காத்திருக்கவில்லை.
பொங்கலுக்கு முன்பே மாற்றிவிட்டார்கள்.
போய்ப் பார்த்தேன்.
சீட்டு வந்தது. கட்டம் வெற்றாக இருந்தது,
பிரிவு ஏழு சொன்னபடி, ஒரு புள்ளி பிசகாமல்.

எபிநேசர் அண்ணன் காதிலிருந்து பேனாவை எடுத்து
அந்த வெற்றிடத்தில்
நீல மசியில் உருண்டையாக ஒரு சுழியம் போட்டு
டிரைவரிடம் நீட்டினார்.

அதற்கு என்னிடம் சோதனை இல்லை.
"அடுத்த வண்டி" என்றார்.