இரண்டு மணி இழுப்பு

இரவு இரண்டு மணிக்கு
எமரன்சியா என் முதுகைத் தட்டினாள்.
"பம்பை எடுங்கோ, திரும்பவும் இழுக்குது."
எடுத்தேன், அடித்தேன்,
பத்து எண்ணும்வரை அடக்கினேன்.
அடக்கிய மூச்சுக்கு வெளியே
இழுப்பு மட்டும் தொடர்ந்து கேட்டது.
நானில்லை.
பின்வளவில் யாரோ.

டோர்ச் வெளிச்சத்தில் புள்ளிப்பேடு
கழுத்தை நீட்டி, சொண்டைத் திறந்து,
மூச்சுக்கொருதரம் வால் ஏறி இறங்க,
கறல் பிடித்த கிணற்றுக் கப்பிபோல
உள்ளேயிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தது.
மற்ற நாலும் கொம்பின் அடுத்த அந்தத்தில்.
பஸ்ஸில் இருமுகிறவனுக்குப் பக்கத்தில்
யார்தான் இருப்பார்கள்?

சீனக்குடா மாவாலையில் பதினேழு வருஷம்
மூட்டை எண்ணுகிறவன் நான்.
தூசி தெரியும்.
கோழி தெரியாது.

விடிய, பாலையூற்றுக்கே கேட்கும் குரலில்
அடுத்த வளவு டொமினிக் மதிலால் எட்டிச் சொன்னான்:
"மிளகும் சின்ன வெங்காயமும் இடிச்சு உருட்டிப் போடு.
பின்னேரத்துக்குள்ள எழும்பாட்டி
அதே மிளகோட சட்டியில போடு."
எமரன்சியா சிரிக்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்
மிருக வைத்தியர் பஸ்மினா.
பெட்டியைத் திறந்தும் தொடவில்லை,
சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.
தூக்கினால் பயத்தில் எல்லாக் கோழிக்கும் இழுக்குமாம்.
பிறகு சொண்டைப் பிரித்தார்:
தொண்டையில் சிவந்த நூற்புழு இல்லை,
வெள்ளைப் படை இல்லை.
முகம் வீங்கவில்லை, மூக்கு நாறவில்லை,
கழுத்து முறுகவில்லை.
தீன்பையை அமுக்கி மணந்தார், புளிக்கவில்லை.
ஒவ்வொரு இல்லைக்கும்
என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.
மூக்கில் ஒரு நுரைக்குமிழ் மட்டும்.
முதுகில் காது வைத்தார், என்னையும் வைக்கச் சொன்னார்.
பொரிமூட்டைக்குள் எலி நடக்கும் சத்தம்.

"கூடு எப்படி?"
பெருமையாகச் சொன்னேன்:
மாரி தொடங்க நாலு பக்கமும் மாச்சாக்கு அடித்தேன்,
மேலே பொலித்தீன்,
ஒரு துளி ஒழுகாது, ஊசிமுனைக் காற்று நுழையாது.
அவர் எழுதுவதை நிறுத்தினார்.
"வீட்ட போய், அதுட உயரத்துக்குக் குனிஞ்சு
கூட்டுக்குள்ள பத்துத்தரம் மூச்செடுங்க.
பிறகு மருந்தைத் தொடங்குங்க."

நாலு எண்ணினேன்.
ஈர எச்சத்தின் காரம் கண்ணைப் பிடுங்கியது.
சாக்கு மா தொண்டையில் பசையானது.
முழங்காலில் நின்றபடி பம்பைத் தேடினேன்,
அது மேசையில் கிடந்தது.
எமரன்சியா ஓடிவந்தபோது
எனக்கும் வாய் திறந்திருந்தது,
கழுத்து நீண்டிருந்தது.
குளிரக்கூடாதே என்று
ஒவ்வொரு ஆணியும் நானே அடித்தது.

பிடுங்க அரைமணி எடுத்தது.
மேலே இரண்டு சாணுக்கு வலை,
தரைக்குத் தம்பலகாமத்து உமி.
புள்ளி தனிப்பெட்டியில், குசினி மூலையில்.
சலைன் தொட்ட பஞ்சால் மூக்கைத் துடைத்தோம்.
மருந்துத் தண்ணீரைச் சொண்டு நுனியால் தொட்டுத்
தலையை உதறியது, அவ்வளவு கசப்பு.
ஊசி கழற்றிய சிரிஞ்சால்
சொண்டோரத்தில் துளித்துளியாக விட்டோம்,
நாக்கின் அடியில் திறந்து மூடும்
அந்தச் சின்ன மூச்சுத் துவாரத்துக்குள் போகாமல்.
ஐந்து நாள்.
மருந்து முடிந்தும் சில நாள் முட்டை தின்னக்கூடாது.
மூன்றாம் நாள் இட்ட ஒன்றை
மாதுளைக்குக் கீழே புதைத்துவிட்டு வந்து
எமரன்சியா சொன்னாள்:
"இந்த நிலைமையிலயும் கடன் வைக்கேல்ல, பாருங்கோ."

ஆறாம் நாள் பெட்டியை உதைத்துத் திறந்தது.
டொக்டர் போனில் சொன்னார்:
போயிட்டுது எண்டு நினைக்காதீங்க,
உள்ளே ஒரு ஓரமாகப் படுத்திருக்கும்,
குளிரோ புழுக்கமோ பயமோ வந்தால் எழும்பும்,
புதுக்கோழி வாங்கிச் சேர்க்காதீங்க.
என்னுடையதைப் பற்றிப் பெரியாஸ்பத்திரியில் சொன்னதும்
ஏறக்குறைய இதுதான்,
புதுக்கோழியைத் தவிர.

நேற்று நல்ல மழை.
கூட்டுக்குள் கொஞ்சம் சாரல் அடித்திருக்கும்.
அடிக்கட்டும்.
இரண்டு மணிக்கு எமரன்சியா எழும்பிக் காது கொடுத்தாள்.
"ஆர்?"
மூச்சைப் பிடித்துக்கொண்டு நானும் கேட்டேன்.
தகரத்தில் மழை. வேறொன்றுமில்லை.
"நான்தான்," என்றேன். "படு."